வசூலுக்குப் போகிற இடத்தில் ஊர் சுற்றலாமா? ஒரு ஜோத்பூர் கணக்கு

போன வாரம் மதியம் சேலம் லீ பஜாரில் கடையில் உட்கார்ந்திருந்தேன். அக்கா மகன் வந்து எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டான். கையில் போன், போனில் விமான டிக்கெட்.

"மாமா, ஜூன்ல ஜோத்பூர் வசூலுக்கு நான்தான போறேன். ரெண்டு நாள் சேத்துப் போட்டு ஜெய்சல்மேரும் பாத்துட்டு வந்துரட்டுமா? அவளும் வரேங்கறா."

"பொறு மாப்ள, இப்பவே டிக்கெட்ட அமுக்கிராத" என்றேன்.

இருபது வருஷமாக அந்த ஊருக்கு ஜவ்வரிசித் தரகுக்குப் போய் வருகிறேன். வேலையோடு ஊர் பார்க்கிற ஆசை எனக்கும் இருந்தது. எல்லா விதமாகவும் முயன்று பார்த்து, ஒரு தடவை நன்றாகப் பட்டும் இருக்கிறேன். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொலுசு, ஜவுளி, மெஷின் என்று ஏதோ ஒரு வேலையாக ராஜஸ்தான் பக்கம் போகிற நம்மூர்க்காரர்களுக்கு உதவும்.

முதலில், ஏன் ஜூன் என்று கேட்பீர்கள். நமக்கு ஜவ்வரிசி என்றால் பாயசம், வடகம். வடக்கே அது விரதச் சாப்பாடு. அரிசியும் கோதுமையும் தொடக்கூடாத நாளில் சாபுதானா கிச்சடி, சாபுதானா வடை. அவர்களுடைய சாவன் மாதம் ஜூலை நடுவில் பிறக்கும். அதில் திங்கட்கிழமை விரதம், இடையில் ஏகாதசி, செப்டம்பர் அக்டோபரில் நவராத்திரி. அதற்கெல்லாம் மொத்தக் கடைக்காரர் சரக்கு எடுத்து வைப்பது ஜூனில். பழைய பாக்கியை வாங்குவதற்கும் புது ஆர்டர் பிடிப்பதற்கும் அதுதான் நேரம். சிவராத்திரிக்கு முன்னால் ஜனவரி கடைசியிலோ பிப்ரவரியிலோ இன்னொரு சின்னச் சுற்று உண்டு. பாலைவனத்துக்கு எந்த மாதம் போவது என்பதை நாம் முடிவு செய்வதில்லை, வடக்கத்திக்காரரின் பஞ்சாங்கம் செய்கிறது.

அவன் ஒரு பில் புத்தகத்தின் பின் அட்டையில் நாலு வழி எழுதினான். ரெண்டு நாள் முன்னாடியே போய் ஊர் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவது. வேலையை முடித்துவிட்டு ஜெய்சல்மேர் போவது. ஒரு நாளும் கூட்டாமல், வேலை நாட்களிலேயே காலையிலும் சாயங்காலமும் பார்த்துக்கொள்வது. ஜூனில் வேலையை மட்டும் முடித்துவிட்டு, ஊர் பார்ப்பதைப் பிப்ரவரிச் சுற்றுக்குத் தள்ளுவது.

நாலையும் எடை போடுவதற்கு முன்னால் வெயிலைப் பற்றி நாலு வார்த்தை. "சேலத்துக்காரனுக்கு வெயில் புதுசா மாமா?" என்றுதான் அவனும் ஆரம்பித்தான்.

புதிதில்லைதான். ஒரு பக்கம் சேர்வராயன், ஒரு பக்கம் ஜருகுமலை, ஒரு பக்கம் கஞ்சமலை என்று சட்டிக்குள் உட்கார்ந்திருக்கிற ஊர் நம்முடையது. அதிலும் சேகோ தொழிலில் இருப்பவனுக்கு வெயில்தான் முதலாளி. களத்தில் கொட்டிய ஜவ்வரிசி உச்சி வெயிலில் காய வேண்டும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பலகையால் தள்ளிப் புரட்டுகிறவர்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறோம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். வேலை இல்லாத நேரத்தில் வெயிலுக்கு நாம் செய்கிற ஒரே வைத்தியம் மேலே ஏறுவதுதான். மே மாதம் வந்தால் அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காட்டில் போய் நிற்போம். வெயிலிலேயே நின்று ஒரு ஊரைப் பார்க்கிற பழக்கம் நமக்குக் கிடையாது. ஜோத்பூரில் அப்படி ஏறிப் போக மலையும் இல்லை. இருந்த ஒரு பாறை மேட்டிலும் 1459-இல் ராவ் ஜோதா கோட்டை கட்டத் தொடங்கிவிட்டார்.

வெயிலின் ஜாதியும் வேறு. நம்மூரில் சட்டை முதுகோடு ஒட்டும், நெற்றி வழியும், உடம்பே "போதும், நிழலுக்குப் போ" என்று சொல்லிவிடும். அங்கே காற்று அவ்வளவு காய்ந்தது. வியர்வை வந்த சுவடே தெரியாமல் ஆவியாகிப் போகும். சட்டை உலர்ந்தே இருக்கும், நாமும் நன்றாக இருப்பதாக நினைத்துக்கொண்டே நடப்போம். உதடு வெடிக்கும்போது, பாத்ரூம் போனால் அடர் மஞ்சளாக இருக்கும்போதுதான் விஷயம் புரியும். மத்தியானம் மேற்கிலிருந்து 'லூ' என்று ஒரு காற்று அடிக்கும். அடுப்பங்கரைக் கதவைத் திறந்த மாதிரி முகத்தில் வந்து மோதும். ஜோத்பூருக்கும் ஜெய்சல்மேருக்கும் நடுவே ரயில் நின்று போகிற பலோடியில்தான் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவானது.

இனி அவனுடைய நாலு வழிக்கு வருவோம்.

முதல் வழியை நான் ஒரே வார்த்தையில் அடித்துவிட்டேன். காரணம் என் சொந்தக் கதை. ஏழெட்டு வருஷம் முன்னால், இதே ஜூன். முதலில் ஊர் பார்ப்போம், மனசு லேசாக இருந்தால் வியாபாரமும் நன்றாக நடக்கும் என்று ஒரு கணக்கு. ராத்திரி ரயிலேறி ஜெய்சல்மேர் போய், பகலெல்லாம் கோட்டைக்குள் சுற்றினேன். சாயங்காலம் நாலு மணிக்கே ஒரு ஜீப்காரர் சாம் மணல் மேட்டுக்குக் கூட்டிப்போய் ஒட்டகத்தில் ஏற்றிவிட்டார். நாலு மணி என்பது அங்கே சாயங்காலமே இல்லை. ஜூனில் சூரியன் மறைய ஏழரை ஆகும். மணலில் பட்டுத் திரும்புகிற சூடு கீழிருந்தும் சூரியன் மேலிருந்தும் வாட்டியது. அன்று ராத்திரி வாந்தி, தலைவலி. மறுநாள் ஜோத்பூர் திரும்பி, கண் எரிச்சலோடு மொத்தக் கடைக்காரர் முன்னால் உட்கார்ந்தேன். மூட்டைக்கு நூறு ரூபாய் குறைக்கச் சொன்னார். வழக்கமாக அரை மணி நேரம் பேசி இருபதில் முடிப்பேன். அன்று எப்படா எழுந்து போய்ப் படுப்போம் என்றிருந்தது, அறுபதுக்குத் தலையாட்டிவிட்டேன். நானூறு மூட்டை. நாற்பது ரூபாய் வித்தியாசத்தில் பதினாறாயிரம். வீட்டில் இன்றைக்கும் அதை "உங்க ஒட்டகச் சவாரி" என்றுதான் சொல்கிறார்கள்.

பேரம் பேசப் போகிறவன் தெம்பாகப் போக வேண்டும். வெயில் ஊரில் ஊர் பார்த்துவிட்டு வேலைக்குப் போகிறவன் களைத்துப் போவான். குளிர்காலத்தில் இந்த வழி பரவாயில்லை. கோடையில் வேண்டாம்.

இரண்டாவது வழிதான் அவனுக்குப் பிடித்தது. வேலை முடிந்த நிம்மதியோடு ஜெய்சல்மேர். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. இதில் இரண்டு சிக்கல்.

ஒன்று, வசூல் என்பது குறித்த நாளில் முடிகிற வேலையா? மார்வாடிக் கடையில் போய் உட்கார்ந்ததும் முதலில் தண்ணீர் வரும். அதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. பிறகு கட்டை விரல் உயரக் கப்பில் டீ. ஊர் நலம், மழை நிலவரம், இந்த வருஷம் மரவள்ளிக் கிழங்கில் மாவுச்சத்து எத்தனை பாயிண்ட், ஆத்தூர் பக்கம் மகசூல் எப்படி என்று எல்லாம் கேட்பார். மரியாதைக்குக் குறைவே இருக்காது. கடைசியில் சிரித்துக்கொண்டே "கல் ஆயியே சா" என்பார். நாளைக்கு வாங்க. அந்த நாளை இன்னொரு நாளையைப் பெற்றுப்போடும். ஊர் பார்ப்பதற்கென்று கடைசியில் ஒதுக்கிய இரண்டு நாள் இருக்கிறதே, அதில் ஒன்றை எப்படியும் இந்த 'கல்' தின்றுவிடும். மீதி ஒரு நாளில் ஜெய்சல்மேர் போய் வருவது என்றால், சாலையில் 285 கிலோமீட்டர், போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். ரயிலென்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

இன்னொன்று, அப்படியே இரண்டு நாள் முழுசாகக் கிடைத்தாலும் ஜூன் ஜெய்சல்மேரில் பார்க்கக் கிடைப்பது எத்தனை மணி நேரம்? காலை பத்தரைக்கு மேல் கல்லெல்லாம் அனல். சாயங்காலம் ஐந்தரை வரை அறைக்குள்தான். மணல் மேட்டுக் கூடாரங்கள் பலவும் கோடையில் மூடிக் கிடக்கும். இரண்டு நாள் கூட்டிக்கொண்டு போகிறவன் உண்மையில் வாங்குவது ஏழெட்டு மணி நேரம். மீதியெல்லாம் ஏசி அறையில் படுத்துக்கொண்டு டிவி பார்க்கிற நேரம். அதற்கு நம்ம அஸ்தம்பட்டியிலேயே படுத்திருக்கலாமே.

ஊரைக் குறை சொல்லவில்லை. ராவல் ஜெய்சல் 1156-இல் உண்டாக்கிய கோட்டை அது. இன்றைக்கும் உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள். துணி காயப் போட்டிருக்கிற வீட்டுக்குப் பக்கத்தில் பல நூற்றாண்டு பழைய ஜைனக் கோயில், எதிரே சைக்கிள் ரிப்பேர் கடை. மஞ்சள் கல்லில் மாலை வெயில் படும்போது ஊரே பொன் முலாம் பூசினது போல நிற்கும். பட்வோன் ஹவேலி என்கிற பழைய மாளிகையின் கல் ஜன்னல்களைப் பார்த்தால், கல்லில் வெட்டினார்களா மெழுகில் வெட்டினார்களா என்று சந்தேகம் வரும். அப்படிப்பட்ட ஊரை மண்டை காய்ந்துபோய்ப் பார்க்க வேண்டாம் என்பதுதான் என் வாதம்.

மூன்றாவது வழியை அவன் பட்டியலில் சும்மா பேருக்குத்தான் எழுதியிருந்தான். எனக்கு அதுதான் முதல். ஜூனில் போகிறவனுக்கு இதைவிடச் சரியான ஏற்பாடு கிடையாது.

கணக்கைப் பாருங்கள். கடைகள் சுறுசுறுப்பாவது பதினொன்று வாக்கில். பதினொன்றிலிருந்து ஐந்து வரை வெளியே தலை காட்ட முடியாத நேரம். அந்த நேரம் முழுக்க நாம் எங்கே இருக்கிறோம்? மொத்தக் கடையின் கனத்த கல் சுவருக்குள், கூலர் காற்றில், மெத்தை போட்ட திண்டில் சாய்ந்துகொண்டு. ஊர் பார்க்க ஆகாத நேரத்தை வேலை எடுத்துக்கொள்கிறது. வேலைக்கு ஆகாத நேரம், அதாவது விடியலும் அந்தியும், நமக்கு மிச்சம். வேலையே இல்லாமல் வந்த சுற்றுலாக்காரர் மத்தியானம் என்ன செய்வதென்று தெரியாமல் ஹோட்டலில் புரண்டுகொண்டிருப்பார். அந்த நேரத்துக்கு நமக்குக் கமிஷன் கிடைக்கிறது.

இன்னொரு லாபமும் இருக்கிறது. இந்தியா முழுக்க ஒரே மணி. ஆனால் ஜோத்பூர் நமக்கு மேற்கிலும் வடக்கிலும் வெகு தூரம் தள்ளி இருக்கிறது. சேலத்தில் ஜூன் மாதம் ஆறே முக்காலுக்குள் சூரியன் மறைந்துவிடும். அங்கே ஏழரை. கடையில் ஆறு மணிக்கு விடுபட்டாலும் ஒன்றரை மணி நேர வெளிச்சம் கையில் இருக்கும். விடியல் மட்டும் நம்மூரைப் போலவே, ஆறுக்குக் கொஞ்சம் முன்னால்.

ஆக மூன்று நாள் வேலை என்றால் மூன்று காலை, மூன்று மாலை. அதை இப்படிச் செலவழிக்கச் சொன்னேன்.

முதல் நாள் விடியற்காலை தூர்ஜி கா ஜாலரா. 1740-களில் அபய் சிங் மகாராஜாவின் ராணி கட்டிய படிக்கிணறு. பல வருஷம் குப்பையும் கசடும் மூடிக் கிடந்து, சமீபத்தில்தான் தூர்வாரி மீட்டார்கள். சிவப்புக் கல்லில் முக்கோணம் முக்கோணமாகப் படிகள், நாலு பக்கமும் கீழே இறங்கிக்கொண்டே போகும். போன ஜூனில் ஐந்தே முக்காலுக்கு அங்கே உட்கார்ந்திருந்தேன். மேலே தெருவில் நடக்கும்போதே கழுத்தில் சூடு தட்டியது. பத்துப் பன்னிரண்டு படி இறங்கினதும் காற்று மாறிவிட்டது. ஈரமும் பாசி வாசனையுமாக, நம்ம தோட்டத்துக் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் முகத்தில் அடிக்குமே, அதே குளிர்ச்சி. ஐந்தாறு பையன்கள் ஜட்டியோடு மாடத்து உச்சிக்கு ஏறி, ஒருவன் பேரை ஒருவன் கூவிக் குதித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் குதிக்கத் தயங்கினான். மற்றவர்கள் கத்திய மார்வாரி எனக்குப் புரியவில்லை, ஆனால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று தெரியும். நாமெல்லாம் கிணற்றில் நீச்சல் பழகினவர்கள்தானே. காசு கிடையாது, டிக்கெட் கிடையாது. ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை.

அங்கிருந்து பிரம்மபுரி நீல வீட்டுச் சந்துகள் நடக்கிற தூரம். வீட்டுக்கு ஏன் நீலம் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பிராமணர் வீட்டு அடையாளம், கரையான் வராது, குளிர்ச்சி. எதுவானாலும், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அந்தச் சந்துகளில் எட்டு மணி வரை வெயில் தரையைத் தொடுவதில்லை. குறுகலாகக் கட்டினதன் அருமை அப்போது புரியும். நம்ம ஊரில் சாலையை அகலப்படுத்துகிறேன் என்று மரத்தை வெட்டுகிறவர்களை ஒரு ஜூன் மாதம் அங்கே அனுப்பி வைக்க வேண்டும்.

இரண்டாம் நாள் காலை மெஹ்ரான்கர் கோட்டை. ஒன்பது மணிக்குத்தான் திறக்கும், அதனால் வாசலில் முதல் ஆளாக நிற்க வேண்டும். முதலில் மேலே போய்ப் பீரங்கி வரிசையையும் கீழே தெரிகிற நீல ஊரையும் பார்த்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் அங்கே கால் வைக்க முடியாது. பிறகு அருங்காட்சியக அறைகளுக்குள் இறங்கினால் பல்லக்கும் தொட்டிலும் வாளுமாக நிழலிலேயே பார்க்கலாம். அறைச் சுவர்களில் கல் சல்லடை வழியாக வருகிற காற்று தனிச் சுகம். லோகா போல் என்கிற வாசல் பக்கத்தில், உடன்கட்டை ஏறிய ராணிகளின் கைப்பதிவுகள் வரிசையாக இருக்கின்றன. சின்னச் சின்னக் கைகள். அதில் குங்குமம் பூசிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. பதினொன்றுக்குள் இறங்கி ஆட்டோ பிடித்தால் கடைக்குப் போய்விடலாம். அன்றைக்கு மட்டும் பார்ட்டியிடம் பதினொன்றரை என்று சொல்லி வைப்பது நல்லது. கோட்டை பார்க்கப் போனேன் என்றால் அவர்களுக்கும் சந்தோஷம்தான். "எங்க கோட்டை எப்படி?" என்று அரை மணி பேசுவார்கள். அந்த நல்ல மனநிலையில் பழைய பாக்கியை எடுத்துவிடலாம். இது ஊர் பார்த்ததால் வந்த வியாபார லாபம்.

மாலைகளில் ஒன்று மணிக்கூண்டுச் சந்தைக்கு. மசாலா மூட்டைகள், வளையல், பழைய இரும்பு, எல்லாம் ஒரே இடத்தில். மிர்ச்சி வடா சாப்பிடுங்கள். நம்ம மிளகாய் பஜ்ஜியின் பெரியண்ணன், உள்ளே உருளைக்கிழங்கு அடைத்திருக்கும். ருசியாக இருக்கிறது, ஆனாலும் தட்டுவடை செட்டுக்கு ஈடாகாது என்பது என் கட்சி. மக்கானியா லஸ்ஸி ஒரு டம்ளர் குடித்தால் ராத்திரிச் சாப்பாடு வேண்டாம். பகலில் கடைக்காரர் வீட்டிலிருந்து கம்பு மாவும் மோரும் சேர்த்துக் காய்ச்சிய 'ராப்' வந்தால் விடாதீர்கள். நம்ம கம்மங்கூழ்தான், பெயர் மட்டும் வேறு. பாலைவனத்துக்காரரும் நம்ம தாத்தாவும் வெயிலுக்கு ஒரே மருந்தைத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

இன்னொரு மாலை உமைத் பவன் அரண்மனையை வெளியிலிருந்து பார்த்தால் போதும். ஒரு பகுதி ஹோட்டல், ஒரு பகுதி ராஜ குடும்பம், ஒரு பகுதி அருங்காட்சியகம். அது கட்டப்பட்ட கதைதான் எனக்குப் பிடிக்கும். பஞ்ச காலத்தில் ஜனங்களுக்கு வேலை தருவதற்காக 1929-இல் தொடங்கி 1943 வரை கட்டினார்கள். அதே காலத்தில்தான் இங்கே நமக்கு மேட்டூர் அணை எழும்பிக்கொண்டிருந்தது, 1934-இல் முடிந்தது. தண்ணீர் இருந்த நாம் அணை கட்டினோம், இல்லாத அவர்கள் அரண்மனை கட்டினார்கள் என்று மாப்பிள்ளையிடம் சொன்னேன். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மணல் மேடு இல்லாம பாலைவனம் போனேன்னு சொன்னா சிரிப்பாங்க மாமா" என்றான் அப்புறம். அதற்கும் வழி இருக்கிறது. ஜோத்பூருக்கு வடக்கே 65 கிலோமீட்டரில் ஓசியான். எட்டாம் நூற்றாண்டு தொடங்கிக் கட்டிய கோயில்கள், ஊருக்கு வெளியே மணல் மேடுகள். சாம் அளவுக்குப் பரந்து கிடக்காது. ஆனால் விடியற்காலை நாலரைக்கு டாக்ஸி எடுத்தால் சூரிய உதயத்தை மணலில் பார்த்து, கோயிலையும் பார்த்து, பத்தரைக்குள் திரும்பி வந்து குளித்துக் கடைக்குப் போகலாம். மூன்றாம் நாள் காலைக்கு அது.

தங்குவது பற்றி ஒன்று. ஸ்டேஷன் ரோடு ஹோட்டல் வசதி, பில் ஒழுங்காகக் கிடைக்கும். ஆனால் இந்த மூன்றாவது வழிக்கு ஊருக்குள் பழைய ஹவேலியில் தங்குவதுதான் பொருந்தும். எழுந்ததும் நடந்து போகலாம். கோடையில் வாடகையும் இறங்கியிருக்கும். இரண்டு அடி கனமான கல் சுவர், மத்தியானம் கூட அறைக்குள் மட்டுப்பட்டு இருக்கும். மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையை மட்டும் எடுக்காதீர்கள், "வியூ நல்லா இருக்கும்" என்று தலையில் கட்டப் பார்ப்பார்கள். ராத்திரி முழுக்கக் கூரை சூட்டைக் கக்கும். ஆட்டோ சந்துக்குள் வராது என்பதால் பெட்டி சின்னதாக இருக்கட்டும்.

பையில் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் நாலைந்து, பருத்தித் துண்டு, ஒரு குடை. ஆம்பளைக்கு எதற்குக் குடை என்று கூச்சப்பட வேண்டாம், அங்கே ஆண்கள் ஒன்பது மீட்டர் துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு போகிறார்கள். போனை வெயிலில் நீட்டி வீடியோ எடுத்தால் சூடாகி அணைந்துவிடும், வசூல் கணக்கெல்லாம் அதில் இருக்கிறது என்பது ஞாபகம் இருக்கட்டும்.

நாலாவது வழி பிப்ரவரி. ஊர் பார்ப்பதற்கு மட்டும் என்றால் போட்டியே இல்லை. பகல் வெயில் இதமாக இருக்கும், நாள் முழுக்க நடக்கலாம். விடியற்காலை ஸ்வெட்டர் வேண்டும். சூரியன் ஏழு தாண்டித்தான் எட்டிப் பார்க்கும், அதனால் காலையில் ஊர், பிறகு வேலை என்கிற வித்தை அப்போது அவ்வளவாகச் செல்லாது. அந்த மாதத்துக்கு இரண்டாவது வழிதான் சரி: வேலையை முடித்து, நாள் கூட்டி, ஜெய்சல்மேர். ரயிலில் போனால் வழியில் பலோடிக்குப் பக்கத்தில் கீச்சன் என்று ஒரு கிராமம். குளிர்காலம் கழிக்க ஆயிரக்கணக்கில் நாரைக் கூட்டம் வந்து இறங்கும். ஊர்க்காரர்களே தானியம் போடுவார்கள். மார்ச் வரை பார்க்கலாம். சாம் மணலில் ராத்திரித் தங்கலும் அப்போதுதான் சுகம். குறை என்னவென்றால் கூட்டம், விலை. ஜூனில் இருக்கிற அறை வாடகை பிப்ரவரியில் இரண்டு பங்காகக் கூட ஆகும். வசூலும் சின்னதுதான், அதனால் பயணச் செலவைக் கமிஷன் முழுசாகத் தாங்காது. சொந்தக் காசு போட வேண்டியிருக்கும். வேலை நாள் பில் கடைக் கணக்கில், கூட்டின நாள் பில் சொந்தக் கணக்கில் என்று முதல் நாளே தனித்தனியாக எழுதச் சொல்லிவிடுங்கள். பிறகு ஆடிட்டரிடம் மணல் மேட்டுக் கூடாரத்தை வியாபாரச் செலவு என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது.

வீட்டுக்காரியைக் கூட்டிப்போவதா என்பதற்குத் தனியாக யோசிக்கவே வேண்டியதில்லை. ஜூனில் கூட்டிப்போனால், பதினொன்றிலிருந்து ஆறு வரை அவள் அறையில் தனியாக, ஏசி ரிமோட்டோடு. அவன் கடையில் உட்கார்ந்திருக்கும்போது "எப்ப வருவீங்க" என்று பத்து போன். மனசு ரெண்டு பக்கமும் இழுத்தால் வசூலும் உருப்படாது, அவளுக்கும் கோபம். பிப்ரவரியென்றால் அவன் கடையில் இருக்கும்போது அவள் மணிக்கூண்டுச் சந்தையில் பாந்தினிப் புடவை பார்த்துக்கொண்டிருப்பாள். செலவு கூடும், சண்டை குறையும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மாப்பிள்ளை கொஞ்ச நேரம் பில் புத்தக அட்டையையே பார்த்தான். முதல் வழியை அடித்தான். மூன்றாவதுக்கு எதிரே 'ஜூன், நான்' என்று எழுதினான். இரண்டாவதையும் நாலாவதையும் ஒரு கோட்டால் சேர்த்து 'பிப்ரவரி, ரெண்டு பேரும்' என்று எழுதினான். அங்கிருந்தே வீட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, ஜூனில் தனியாகப் போகிற விஷயத்தை ஒரு மாதிரி தயங்கித் தயங்கிச் சொன்னான். அந்தப் பக்கம் கோபமே இல்லை.

"நல்லதாப் போச்சுங்க. நீங்க அங்க வெந்துட்டு வாங்க. நான் எங்கம்மாவோட ஏற்காட்ல நாலு நாள் இருந்துட்டு வரேன். ரூம் மட்டும் உங்க கணக்குல போட்ருங்க."